தில்லியை வலம்வரும் ரயில்

தில்லி லக்ஷ்மிபாய் நகர் என்றதும் நம்மவர்களுக்குத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி நினைவுக்கு வரும். அதையடுத்த சரோஜினி நகரில் ஒரு சின்ன ரயில் நிலையம் இருப்பது பலருக்குத் தெரியாது. சரக்கு வண்டிகள் நகர நெரிசலில் சிக்காமல் சுற்றிப்போக 1975-ல் அமைத்த, சுமார் 35 கிலோமீட்டர் வட்டப்பாதையில் அது ஒரு நிறுத்தம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இதில் கூடுதல் பயணிகள் ரயில்கள் விட்டார்கள். கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல, நிஜாமுதீனில் ஏறினால் ஊரைச் சுற்றி நிஜாமுதீனிலேயே வந்து இறங்கலாம். வலமாகவும் போகும், இடமாகவும் போகும். பல நிலையங்களுக்குச் சரியான பஸ் இணைப்பு கிடையாது. கூட்டம் சேராததற்கு அதுவே முக்கியக் காரணம்; சரிசெய்யக்கூடிய குறைதான். 2018-ல் சரோஜினி நகருக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. வட்டப்பாதையில் வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.