பூட்டிய கைபேசியின் சாவி யாரிடம்?

2013இல் விற்பனைக்கு வந்த நோக்கியா லூமியா 520இல் இன்று அதிகாரப்பூர்வ வழியில் ஒரு செயலியை நிறுவ முடியாது. அதன் திரை, கேமரா, வைஃபை எல்லாம் நன்றாக வேலை செய்தாலும் முடியாது. அந்தக் கைபேசிக்கு அதிகாரப்பூர்வமாகக் கிடைத்த கடைசி இயங்குதளப் பதிப்பு விண்டோஸ் ஃபோன் 8.1. அதற்கான செயலிக் கடையை மைக்ரோசாஃப்ட் 2019 டிசம்பர் 16 அன்று மூடியது. ஏற்கெனவே நிறுவியிருந்த செயலிகள் தொடர்ந்து ஓடின. ஆனால் கருவியை ஒருமுறை அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தால், காசு கொடுத்து வாங்கிய செயலியைக்கூட அந்தக் கடையிலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ள வழியில்லை. "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று இதைக் கடந்துவிடுகிறோம். அந்த விளக்கம் தவறு என்பதற்கு இன்னொரு நோக்கியாவே சாட்சி.

2009இல் வந்த என்900, லூமியாவைவிட நான்கு ஆண்டு மூத்தது, பலவீனமானதும்கூட. லூமியாவில் 1 கிகாஹெர்ட்ஸ் இரட்டை மையச் சிப், 512 எம்பி நினைவகம். என்900இல் 600 மெகாஹெர்ட்ஸ் ஒற்றை மையம், 256 எம்பி. ஆனால் லினக்ஸ் அடிப்படையிலான மீமோ இயங்குதளத்தில் ஓடிய அந்தக் கைபேசியை, வேறு இயங்குதளத்தை ஏற்க மறுக்கும்படி நோக்கியா பூட்டவில்லை. அதனால்தான் மீமோ லெஸ்தே, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற தன்னார்வலர் திட்டங்களால் அதில் புதிய லினக்ஸை ஓட்ட முடிகிறது. லூமியாவோ, உரிய டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எதையும் ஏற்காதபடி வடிவமைக்கப்பட்டது. இணையத் தொடர்பு விஷயத்திலும் இதே வேறுபாடுதான். டிஎல்எஸ் மறையாக்க நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகள் பாதுகாப்பற்றவை என 2021இல் முறைப்படி கைவிடப்பட்டன. அவற்றை மட்டுமே அறிந்த கைபேசியோடு இன்றைய சர்வர்கள் பல பேசுவதில்லை. அது நியாயமான முடிவு. ஆனால் புதிய நெறிமுறை என்பது மென்பொருள். புதிய சிப் வேண்டியதில்லை. திறந்த கருவியில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பூட்டிய கருவியில் தயாரித்தவர் மனம் வைத்தால்தான் உண்டு.

பூட்டே இல்லாவிட்டால் திருடர்களுக்கும் தீம்பொருளுக்கும் வசதியாகிவிடாதா என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. அதற்கான விடை கூகுளின் பிக்சல் கைபேசிகளிலேயே இருக்கிறது: இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் உள்ளிருக்கும் தரவு முழுவதும் அழிந்துவிடும், அதன்பின் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திரையில் எச்சரிக்கை வரும். உரிமையாளர் அறிந்தே எடுக்கும் முடிவு அது. இன்னொரு தடை இதைவிடக் கடினமானது. சிப், மோடம் ஆகியவற்றின் இயக்கிகள் வேறு நிறுவனங்களின் மூடிய சொத்து. பூட்டைத் திறந்தாலும் கேமராவோ அழைப்போ வேலை செய்யாமல் போகலாம். என்900இலும் புதிய லினக்ஸ் மெதுவாகத்தான் ஓடுகிறது; வங்கிச் செயலிகளை அதில் எதிர்பார்க்க முடியாது. இருந்தும் மின்னூல் படிக்க, பாட்டுக் கேட்க, மாணவர்கள் நிரல் எழுதிப் பழக அந்தக் கருவி போதும். உலோகமும் உழைப்பும் மின்சாரமும் செலவிட்டுச் செய்த ஒரு கணினியைக் குப்பைக்கு அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலில் உள்ள விதிகள், ஒரு மாடலின் விற்பனை முடிந்து குறைந்தது ஐந்தாண்டு இயங்குதளப் புதுப்பிப்பு தரவேண்டும் என்கின்றன. நல்ல தொடக்கம். அந்த ஐந்தாண்டு முடியும் நாளில் பூட்டைத் திறக்கும் வழியையும் வாங்கியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அடுத்த விதி சொல்லட்டும். ஆதரவை நிறுத்துவது நிறுவனத்தின் உரிமை என்றால், அதற்குப் பிறகும் பூட்டை வைத்திருக்க அதற்கு என்ன உரிமை?