லண்டனில் பழைய ‘டெரஸ்’ வீட்டைப் புதுப்பிக்கப் போறீங்களா? சுவரை இடிக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

லண்டன் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் இருக்கும் உறவினர் ‘டெரஸ் ஹவுஸ் வாங்கிட்டோம்’ என்று சொன்னால், மொட்டை மாடி வீடு என்று நினைச்சுடாதீங்க. அங்கே டெரஸ் என்றால் வரிசை வீடு. நம்ம ஊர் அக்ரஹாரம் போல, அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையே ஒரே சுவர். விக்டோரியா மகாராணி ஆண்ட 1837-1901 காலகட்டத்தில் இப்படித் தெருத்தெருவாகக் கட்டினார்கள்.

முன்பக்கம் பார்க்க அழகு. உள்ளே போனால் நடு அறை இருட்டு. கிச்சன் கடைசியில் ஒடுங்கிக் கிடக்கும். அதனால் வாங்கியதும் வரும் முதல் ஆசை, ‘பின்னாடி சுவரை எடுத்துட்டு பெரிய கிச்சன் போடலாம்’ என்பதுதான். தாராளமா போடலாம். ஆனால், இந்த வீடுகளில் கையைச் சுடுவது பெரும்பாலும் கிச்சன் செலவு இல்லை. கண்ணுக்குத் தெரியாத காற்றோட்டமும், கையில் இல்லாத பேப்பரும்தான்.

பழைய சுவரில் அப்படி என்ன வித்தியாசம்?

இன்றைய பிரிட்டிஷ் வீடுகளின் வெளிச்சுவர் பொதுவாக இரண்டு அடுக்கு. நடுவில் இடைவெளி இருக்கும். விக்டோரியன் வீட்டில் பெரும்பாலும் சுமார் 9 இன்ச் கனத்தில் ஒரே திடமான செங்கல் சுவர், சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. மழையில் ஈரத்தை உறிஞ்சும். பிறகு மெல்ல வெளியே விட்டுக் காயும். அதன் மேல் ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். ஓதம் ஏறும், பெயின்ட் உரியும், செங்கல்லின் முகமே பெயர்ந்து வரும். அதனால் பூச்சு வேலைக்கு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ‘சுண்ணாம்பில் வேலை செஞ்சு பழக்கம் இருக்கா?’

தரையையும் பாருங்க. தரைத்தளத்தில் பல அறைகளுக்கு மரப்பலகைத் தரைதான். அதன் அடியில் காற்று ஓட, வெளிச்சுவரின் கீழே ஓட்டை வைத்த செங்கற்கள் இருக்கும். பின்னால் புதுசா கான்கிரீட் தளம் போட்டு அவற்றை அடைத்துவிட்டால், சில வருடங்களில் முன் அறையின் மரச்சட்டங்கள் உளுத்துப்போகலாம். தீர்வு சிம்பிள்: புதுத் தளத்துக்கு அடியில் குழாய் பதித்து, அந்தக் காற்றுவழியை வெளியே வரை நீட்டணும். கான்கிரீட் போட்ட பிறகு யோசித்தால் செலவு பல மடங்கு.

அனுமதி வாங்கணுமா?

சில வேலைகளுக்கு முழு அனுமதி தேவையில்லை. இங்கிலாந்து விதிப்படி, வரிசை வீட்டின் பின்னால் ஒரு தளம் மட்டும் 3 மீட்டர் வரை நீட்டலாம். அக்கம்பக்கத்தாரின் கருத்தைக் கேட்கும் முன் ஒப்புதல் முறையில் 6 மீட்டர் வரை போகலாம். கூரைக்கு அடியில் உள்ள பரணை அறையாக்கும்போது, கூரையின் கொள்ளளவில் 40 கன மீட்டர் வரை கூட்டலாம். உயரம் போன்ற மற்ற நிபந்தனைகளும் உண்டு.

இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கு. அளவு தொடங்குவது ‘அசல்’ வீட்டிலிருந்து. அதாவது 1948 ஜூலை 1 அன்று இருந்தபடி, அதற்குப் பின் கட்டியது என்றால் முதலில் கட்டியபடி. முந்தைய ஓனர் ஏற்கெனவே 2 மீட்டர் நீட்டியிருந்தால், அதுவும் உங்க கணக்கில்தான் வரும்.

ஃபிளாட்டுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் விதிகள் இறுகும். பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டில் உரிய ஒப்புதல் இல்லாமல் அதன் தன்மையை மாற்றுவது குற்றமே. எனவே, பிளான் போடும் முன் கவுன்சிலில் விசாரிப்பது நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர் ‘நோ’ சொன்னால்?

பொதுச்சுவரில் கை வைத்தாலோ, அவர் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அவர் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினாலோ, 1996-ம் ஆண்டு பொதுச்சுவர் சட்டப்படி எழுத்துபூர்வமாக நோட்டீஸ் கொடுக்கணும். சுவர் வேலைக்கு 2 மாதம் முன்பும், தோண்டும் வேலைக்கு 1 மாதம் முன்பும் தரணும். 14 நாளில் அவர் சம்மதிக்கவில்லை என்றால், பதில் வராவிட்டாலும்கூட, சர்வேயர்கள் வந்து வேலை எப்படி நடக்கணும் என்று முடிவு செய்வார்கள். வழக்கமாக அந்தச் செலவு கட்டுபவர் தலையில்தான்.

நோட்டீஸே கொடுக்காமல் ஆரம்பித்தால், அவர் கோர்ட்டுக்குப் போய் வேலையை நிறுத்த முடியும். அதனால் தபாலில் நோட்டீஸ் போவதற்கு முன்பே, வரைபடத்தோடு நேரில் போய் ஒரு தடவை பேசிடுங்க.

மேலே ரூம், கீழே ஒரே ஹால். ரெண்டும் கிடைக்குமா?

இரண்டு மாடி வீட்டில் பரணை அறையாக்கினால், தீ பிடிக்கும்போது அங்கே தூங்குபவர் பத்திரமாக வெளியேறப் படிக்கட்டு வழி பாதுகாப்பாக இருக்கணும். அதாவது, படியைச் சுற்றிச் சுவரும் தீயைத் தாங்கும் கதவுகளும் புகை அலாரமும். அதே சமயம் கீழே ஹால் சுவரை எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போயிடும். இரண்டும் வேணும் என்றால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் மாதிரி மாற்று ஏற்பாடு தேவைப்படலாம். இன்று கீழே இடிப்பதற்கு முன், நாளை மேலே கட்டுவீங்களா என்று முடிவு பண்ணிடுங்க.

புகைபோக்கியை எடுப்பதும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் அதை இடித்தால், மேலே நிற்கும் செங்கல் எடையைத் தாங்க ஏதாவது இருக்கணும். இன்ஜினீயர் கணக்கு இல்லாமல் தொடவே கூடாது.

எதை முதல்ல செய்யணும்?

கூரை ஒழுகல், வடிகால், ஓதம் முதலில். பிறகு பீம், இடிப்பு மாதிரி கட்டுமான வேலை. அடுத்து வயரிங், பிளம்பிங். கிச்சனும் டைல்ஸும் கடைசி. கொட்டேஷனில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கா என்று கேளுங்க. சுவரைத் திறந்ததும் எதிர்பாராத வேலை வரும். அதற்கும் தனியா பணம் ஒதுக்கி வையுங்க.

முழு அனுமதி தேவைப்படாத வேலைக்கும் கட்டட விதிமுறைச் சோதனை உண்டு. அதை முடித்ததும் தரும் சான்றிதழை வாங்காமல் கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுத்துடாதீங்க. நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்பது உங்க கிச்சன் போட்டோவை இல்லை, அந்தச் சான்றிதழைத்தான்.