வார்டு வாசலில் ஒரு பாட்டில்



தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒரு வியாதியஸ்தருக்கு ஒருவர்தான் வரலாம் என்ற நம் மருத்துவமனையின் கட்டுப்பாடு உங்களில் பலருக்கு வருத்தம் தந்திருப்பதை அறிவேன். "சபையிலிருந்து பத்துப் பேர் வேன் வைத்து வந்தோமுங்க ஐயா, தலையில் கைவைத்து ஜெபம் பண்ணக்கூட விடவில்லை" என்று அன்னூர்ப் பக்கத்து மூப்பர் ஒருவர் மனத்தாங்கலோடு சொன்னார். வராந்தாவில் நின்றபடி அவருக்கு முழுப் பதில் சொல்ல நேரமில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

சோமனூர்ப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர் சாலை விபத்தில் தலையில் அடிபட்டு வந்தார். மூச்சுக்கு வென்டிலேட்டர், சிறுநீருக்கு ஒரு குழாய், கழுத்து நரம்பில் ஒரு குழாய். அடி ஆறிக்கொண்டு வந்தபோது, பத்தாம் நாள் கடுங்காய்ச்சல் கண்டது. அது வீட்டிலிருந்து கொண்டுவந்த நோயல்ல, ஆஸ்பத்திரிக்குள் பிடித்தது. சளியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த சிறு காகித வட்டங்களை அதன்மேல் வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வட்டத்தைச் சுற்றி வெறுமையாக இருக்கும். இவருடைய தட்டிலோ கிருமி காகிதத்தின் விளிம்புவரை வளர்ந்திருந்தது. கிளெப்சியெல்லா என்று பெயர். ரிப்போர்ட்டில் மருந்துகளுக்கு எதிரே வரிசையாக 'ஆர்', அதாவது 'ரெசிஸ்டன்ட்'. அந்த மருந்துக்கு இந்தக் கிருமி மசியாது என்று பொருள்.

"ஏனுங்க ஐயா, இன்னும் பவரான ஊசி ஒண்ணு போட்டா ஆகாதுங்களா?" என்று அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்.

பவரான ஊசிகள் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருந்தன. மற்ற மருந்துகள் கைவிட்டால் மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் வகை மருந்துகளைத்தான் டாக்டர்கள் நாடுவார்கள். அதையும் உடைத்துப்போடும் ஒரு நொதியைக் கிருமிகள் கற்றுக்கொண்டுவிட்டன. 2008இல் ஸ்வீடனில், அதற்குமுன் புதுதில்லியில் சிகிச்சை பெற்றிருந்த இந்திய வம்சாவளியினர் ஒருவரிடம் முதன்முதலாக அது கண்டுபிடிக்கப்பட்டது. 'என்.டி.எம்.-1' என்று தலைநகரின் பெயரையே வைத்தார்கள். 2010 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிறநாட்டு ஆய்வாளர்களும் 'லான்செட்' குழும இதழில் வெளியிட்ட கட்டுரையில், இந்த நொதியுள்ள கிருமி மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று கணக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் அப்போது பெயரைப் பற்றித்தான் பெரிய சண்டை நடந்தது. கிருமிக்கு எந்தப் பெயரானால் என்ன!

கிருமி எப்படிக் கற்றுக்கொள்கிறது? மருந்து பட்டதும் பலவீனமான கிருமிகள் சாகும். தாங்கக்கூடிய ஒன்றிரண்டு மட்டும் தங்கிப் பெருகும். அதோடு நில்லாமல், கள்ளச்சாவியை அடுத்த வீட்டுக்காரனுக்கும் கொடுப்பதுபோல, அந்தத் திறமையை வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். ஜலதோஷம் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனாலும் மெடிக்கலில் கேட்டு வாங்கி நாம் விழுங்கும் நாலு மாத்திரை, நம் குடலில் சும்மா இருக்கும் கிருமிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும். 2012இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. 2014 மார்ச் முதல் 'எச்-1' பட்டியல் மருந்துகளை விற்கும் கடைக்காரர், டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் கடைத்தெருக்களில் அது எப்படி நடக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

சோமனூர்க்காரருக்குக் கொலிஸ்டின் என்ற பழைய மருந்து கொடுக்கப்பட்டது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒருகாலத்தில் ஒதுக்கி வைத்த மருந்து, வேறு வழியில்லாததால் திரும்ப வந்திருக்கிறது. அதையும் கோழிகள் சீக்கிரம் எடை ஏறத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. நாமக்கல்லையும் பல்லடத்தையும் அக்கம்பக்கத்தில் வைத்திருக்கிற நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல.

அவர் பிழைத்தார், சிறுநீரகம் சில வாரம் சிரமப்பட்டாலும். ஆனால் அடுத்த கட்டிலில் இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காக வந்திருந்த ஒரு பாட்டியம்மாளுக்கு, நாலு நாள் கழித்து அதே கிருமி கண்டது. அவர் வீடு திரும்பவில்லை.

கிருமி ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போனதென்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரம் இரண்டு கட்டிலிலும் தலையில் கைவைத்து ஜெபித்தவன் நான். கட்டில் கம்பியைப் பிடித்தேன், கையைப் பற்றினேன், வேதாகமத்தைப் போர்வைமேல் வைத்தேன். நடுவில் கை கழுவியதாக எனக்கு நினைவில்லை. தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, "தப்பா நினைக்காதீங்க ஐயா, உங்க கையும் கைதானுங்களே" என்றார். என் மகள் வயதுதான் அவருக்கு. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஸ்பிரிட் கலந்த கைமருந்து ஒரு பாட்டில் தொங்குகிறது. ஒருவரைத் தொடுமுன்னும், தொட்ட பின்னும், அவருடைய கட்டிலைத் தொட்டாலும்கூட, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் நனைய 30 விநாடி வரை தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். இந்தக் கிருமிக்குப் புது மருந்து வந்தாலும் அதன் விலை நம் வியாதியஸ்தர் பலருக்கு எட்டாது. பாட்டில் எட்டும்.

ஆகையால் அன்னூர் சபையார் தாராளமாக வாருங்கள். ஒருவர் உள்ளே வரட்டும், மற்றவர்கள் என்னோடு ஜெப அறையில் இருக்கலாம். இருமல் சளி உள்ளவர்கள் அடுத்த வாரம் வாருங்கள். பழக்கூடையும் பூவும் வெளியே இருக்கட்டும். உள்ளே வருகிறவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்ற வேண்டும். அவற்றைப் போட்டுவைக்க வாசலில் நர்ஸ் ஒரு டப்பா தருவார்.