தகவல் துளி: ஆர்மேனியப் பெண் ஓவியர்கள் ஒரே கூடத்தில்

ஆர்மேனிய ஓவியம் என்றதும் ஐவசோவ்ஸ்கி, மார்ட்டிரோஸ் சர்யான் என்று ஆண்களின் பெயர்களே முதலில் வருகின்றன. பெண்கள் வரையாமல் இல்லை. இன்றைய துருக்கியின் தியார்பக்கிரில் பிறந்து லண்டனில் குடியேறிய சபெல் பொயாஜியான், ஆர்மேனியக் கதைகளையும் கவிதைகளையும் ஆங்கிலத்தில் தொகுத்து, தாமே ஓவியங்களும் தீட்டி 1916-இல் நூலாக்கினார். கயானே கச்சாத்துரியான் ஜார்ஜியாவின் திபிலிசியில் பிறந்தவர். 1907-இல் பிறந்த மரியம் அஸ்லமஸ்யானும் அவருடைய தங்கை யெரானுஹியும் லெனின்கிராடில் பயின்றார்கள். இப்படிப் பல நாடுகளில் சிதறியவர்களை எந்த ஒரு நாட்டின் கலை வரலாறும் முழுதாகத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்களை ஒன்றாகப் பார்க்கக் கூட்டுக் கண்காட்சிதான் வழி.

கலைக்கு ஆணென்ன, பெண்ணென்ன, தனியாகப் பிரிப்பதும் ஓர் ஒதுக்கல்தானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பொது வரலாற்றில் பெயரே இடம்பெறாதவரை அந்தச் சமத்துவம் வெறும் பேச்சு. மேலும், படங்களை அருகருகே மாட்டினால் கண்ணில் படுவது ஒற்றுமையைவிட வேற்றுமைதான். மரியமின் பளீரென்ற நிறங்களும் கயானேயின் கனவுலக உருவங்களும் ஒரே வகைக்குள் அடங்குவதில்லை. 'பெண்கள் ஓவியம்' என்ற முத்திரையை அந்தக் கண்காட்சியே உடைத்துவிடுகிறது. கூட்டுக் கண்காட்சியைத் தாண்டித் தனி இடம் பெற்றவர்களும் உண்டு: அஸ்லமஸ்யான் சகோதரிகள் வழங்கிய ஓவியங்களுக்காகவே ஆர்மேனியாவின் கியூம்ரி நகரில் 1987-இல் தனிக் காட்சியகம் அமைந்தது.