கூண்டு மீன் எங்கே ஓடும்?

1972 கோடையில் ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடலில் ஒரு நுண்பாசி பெருகியது. பெயர் சட்டோனெல்லா. தனித்தனியாகப் பார்த்தால் நுண்ணோக்கிக்கு மட்டுமே தெரிகிற உயிர். ஹரிமா கடற்பகுதியில் கூண்டுகளில் வளர்ந்த ஹமாச்சி மீன்கள் 1 கோடியே 40 லட்சம் செத்து மிதந்தன. நட்டம் சுமார் 710 கோடி யென்.

கடலில் திரியும் மீன் தண்ணீர் கெட்டால் வேறு பக்கம் போய்விடலாம். கூண்டு மீனுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. இத்தகைய பாசிகள் முதலில் கை வைப்பது செவுளில்தான். செவுள் சிதைந்தபின் தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. கீட்டோசெராஸ் போன்ற சிலவற்றுக்கு நஞ்சுகூட வேண்டாம். அவற்றின் முட்களே செவுளைக் குத்திக் கிழித்துவிடும்.

ஆகவே பண்ணைக்காரர்கள் முதலில் செய்வது இரையை நிறுத்துவது. செரிமானத்துக்கு ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும். இரை போட்டால் பாசி அடர்ந்த மேல்மட்டத்துக்கே மீன்கள் ஏறி வரும். எடை ஏற வேண்டிய நாட்களில் பட்டினி போட யாருக்கும் மனம் வராது. ஆனால் செலவே இல்லாமல் உடனே கைகொடுக்கும் வழி அது ஒன்றுதான்.

தென்கொரியா மண்ணை நம்பியது. 1995இல் கொக்லோடினியம் என்ற பாசி அந்நாட்டுக்கு 7,640 கோடி வொன் நட்டம் வைத்தது. மறு ஆண்டிலிருந்து படகுகளில் மஞ்சள் களிமண்ணைக் கொண்டுபோய்ப் பண்ணைகளைச் சுற்றித் தூவுகிறார்கள். களிமண் துகள் பாசியோடு ஒட்டிக்கொள்ள, இரண்டும் சேர்ந்து அடியில் இறங்கும். மண் மலிவு, வேலையும் சுலபம். ஆனால் கடலடியில் வாழும் உயிர்களின் மேல் அது படிகிறதே என்ற கவலை நியாயமானது.

நார்வேயில் 1988இல் பாசி பரவியபோது கூண்டுகளையே உப்புக் குறைந்த உள்கழிகளுக்கு இழுத்துப் போனார்கள். 2019இல் அந்நாட்டின் வடக்கே வேறொரு பாசி சுமார் 80 லட்சம் சால்மன்களைக் கொன்றது. கண்காணிப்பில் முன்னணியில் நிற்கும் நாட்டுக்கே இந்த நிலை.

இவையெல்லாம் பாசி வந்தபின் செய்கிற காரியங்கள். அதைப் பெருக்குவது எது என்று கேட்ட நாடு ஜப்பான். அந்தப் பேரிழப்புக்கு அடுத்த ஆண்டே, 1973இல், செட்டோ கடலைக் காக்கத் தனிச்சட்டம் போட்டது. ஆலைகளின் கரிமக் கழிவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. பின்னர் பாஸ்பரஸுக்கும் நைட்ரஜனுக்கும் கட்டுப்பாடு வந்தது. 1976இல் அங்கே பதிவான பாசிப் பெருக்குகள் 299. பிந்தைய ஆண்டுகளில் அது நூறு அளவுக்கு இறங்கியது. கூண்டு மீனுக்குக் கிடைத்த மிகப் பெரிய காவல் கரையில் போட்ட இந்தச் சட்டம்தான்.

அதற்கும் ஒரு விலை இருந்தது. சத்துக் குறைந்த நீரில் நோரி கடற்பாசி நிறம் வெளுத்து, அதை வளர்ப்பவர்கள் தவித்தார்கள். 2021இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. எந்தக் கடற்பகுதிக்கு எவ்வளவு சத்து விடலாம் என்று இப்போது மாகாணங்களே திட்டம் வகுக்கலாம்.