முத்திரை தெரியாத மின்னஞ்சல்: காரணங்களும் தீர்வும்

மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் அனுப்புநர் பெயரின் அருகே ஒரு சிறு வட்டம் தெரிகிறது. சில நிறுவனங்களின் அஞ்சல்களில் அவ்வட்டத்துள் இலச்சினை இருக்கும்; வேறு சிலவற்றில் பெயரின் முதலெழுத்து மட்டுமே இருக்கும். நேற்றுவரை தெரிந்த வங்கியின் இலச்சினை இன்று காணாமற்போவதும் உண்டு. மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் வழியில் கணக்கு அறிக்கையைத் திறப்பவருக்கு, ‘இது உண்மையில் வங்கி அனுப்பியதுதானா?’ என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கான விளக்கத்தை இங்கே காண்போம்.

முத்திரைக்கு முன் சோதனை

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஆயினும் மாற்றுப் பார்க்காமல் பொன்னை ஏற்கக் கூடாது என்பதை அவ்வூர் வாடிக்கையாளர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகையில் ஹால்மார்க் முத்திரை இடுவதற்கு முன் அதன் தரம் சோதிக்கப்படுகிறது. மின்னஞ்சல் இலச்சினைக்கும் அத்தகைய சோதனைகள் உண்டு. ‘பிமி’ எனப்படும் முறை மூன்று சோதனைகளைச் சார்ந்தது.

முதலாவது எஸ்.பி.எஃப்.: ஒரு நிறுவனத்தின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்தக் கணினிகளுக்கு அனுமதி உண்டு என்னும் பட்டியல். இரண்டாவது டி.கே.ஐ.எம்.: அஞ்சல் வழியில் திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும் மின்னணுக் கையொப்பம். மூன்றாவது டிமார்க்: இவ்விரண்டில் ஒன்றேனும் நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்று அறிவுறுத்தும் விதி. டிமார்க் சோதனையைக் கடந்த பின்னரே, நிறுவனம் பதிந்துவைத்துள்ள இலச்சினையை அஞ்சல் சேவை தேடி எடுக்கிறது.

பெறுபவர் பக்கத்துக் காரணங்கள்

இலச்சினை தெரியாமைக்குப் பல வேளைகளில் அனுப்பியவர் காரணமல்லர். எல்லா அஞ்சல் சேவைகளும் இம்முறையை ஏற்கவில்லை. ஜிமெயில் 2021 ஜூலையிலும், ஆப்பிள் கைப்பேசிகளின் அஞ்சல் செயலி 2022-இலும் இதை ஏற்றன, யாகூவும் ஏற்றுள்ளது. மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் ஏற்காதவற்றுள் ஒன்று. ஆகவே ஒரே அஞ்சல் ஒரு செயலியில் இலச்சினையோடும் மற்றொன்றில் முதலெழுத்தோடும் தோன்றலாம். செயலி பழைய பதிப்பாக இருந்தாலும், அஞ்சல் வேறொரு முகவரி வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தாலும் இலச்சினை மறையக்கூடும். செயலியைப் புதுப்பிப்பதும், அதே அஞ்சலை இணைய உலாவி வழியே திறந்து பார்ப்பதும் நாம் செய்யக்கூடிய எளிய சோதனைகள்.

அனுப்புபவர் பக்கத்துக் காரணங்கள்

சொந்த இணையப் பெயரிலிருந்து விலைப்பட்டியலும் ரசீதும் அனுப்பும் ராபர்ட்சன்பேட்டை வணிகர்களுக்கு இப்பகுதி பயன்படும். இலச்சினை தோன்றாவிடில், உங்கள் இணையதளத்தைப் பராமரிப்பவரிடம் பின்வருவனவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

1. டிமார்க் விதி ‘கண்காணிப்பு மட்டும்’ என்ற நிலையில் இருந்தால் இலச்சினை வராது. பொருந்தாத அஞ்சலை ஒதுக்கவோ மறுக்கவோ வேண்டும் என்று அது கூற வேண்டும்.

2. இலச்சினைக் கோப்பு பிமி முறைக்கென வகுக்கப்பட்ட எஸ்.வி.ஜி. வடிவில், சதுரமாக இருக்க வேண்டும். சாதாரணப் புகைப்படக் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவைத்தால் அது ஏற்கப்படாது. கோப்பின் இணைய முகவரி பாதுகாப்பான இணைப்பில் இருத்தலும் அவசியம்.

3. ஜிமெயிலில் இலச்சினை தோன்றச் சான்றிதழ் தேவை. பதிவுபெற்ற வணிகச் சின்னத்துக்கு வழங்கப்படும் சான்றிதழுக்கு இலச்சினையோடு நீல நிறச் சரிக்குறியும் கிடைக்கும். வணிகச் சின்னப் பதிவு இல்லாதோர்க்கான மற்றொரு சான்றிதழை ஜிமெயில் 2024 முதல் ஏற்கிறது. அதற்கு நீலக்குறி இல்லை. எச்சான்றிதழ் ஆயினும் அது காலாவதியானால் இலச்சினையும் மறையும்.

இணையப் பெயர் மாறும்போது

வங்கிகளைப் பொறுத்தவரை மற்றொரு காரணமும் உண்டு. போலி இணையதளங்களைத் தடுக்கும் நோக்கில், இந்திய வங்கிகள் ‘பேங்க்.இன்’ என முடியும் இணையப் பெயர்களுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி பணித்தது. வங்கிகள் மட்டுமே பெறக்கூடிய பெயர் இது. அஞ்சல் முகவரியும் இவ்வாறு மாறும்போது, பழைய பெயருக்குச் செய்த பதிவுகள் தாமாகப் புதிய பெயருக்கு வந்துவிடுவதில்லை. மூன்று சோதனைகளுக்கான பதிவுகளையும் சான்றிதழையும் மீண்டும் அமைக்க வேண்டும். சில அஞ்சல் சேவைகள் புதிய பெயரிலிருந்து வரும் அஞ்சல்களைச் சிறிது காலம் கவனித்த பின்னரே இலச்சினையைக் காட்டும். ஆகவே மிகப் பாதுகாப்பான முகவரிக்கு மாறிய வேளையிலேயே இலச்சினை மறைந்திருக்கவும் கூடும்.

வாடிக்கையாளர் எதை நம்புவது?

இலச்சினை இல்லாததால் மட்டும் ஓர் அஞ்சல் போலி ஆகிவிடாது. படம் இருப்பதால் மட்டும் உண்மையும் ஆகிவிடாது. ஜிமெயில் கணக்கு வைத்திருக்கும் எவரும் தாம் விரும்பிய படத்தைத் தம் வட்டத்தில் வைக்கலாம். வங்கியின் படத்தை வைத்துக்கொண்ட மோசடிக்காரரின் அஞ்சலும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

எனவே அனுப்புநர் பெயரைத் தொட்டு, முழு முகவரியையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். முகவரியின் இறுதிப் பகுதியே முக்கியம். இடையில் வங்கியின் பெயர் வருவதால் பயனில்லை. ஐயம் இருந்தால் அஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், வங்கியின் செயலியை நேரடியாகத் திறந்து பாருங்கள். அல்லது பற்று அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் அழையுங்கள். கடவுச்சொல்லையோ ஒருமுறைக் கடவெண்ணையோ நாங்கள் மின்னஞ்சலில் ஒருபோதும் கேட்பதில்லை. கேட்கும் அஞ்சல் எத்தனை அழகான இலச்சினையோடு வந்தாலும் அது எங்களுடையதன்று.

பணத்தை இழக்க நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அத்துடன் வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை இடைவழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு கூடும்.