பிரெஞ்சு படிக்கும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய உலகம்

பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகள் பலர், மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மொழியும் மறந்துவிடுகிறது. பெற்றோரான நாமும் பிரெஞ்சு என்றால் பாரிஸ் நகரம் என்ற அளவிலேயே நினைக்கிறோம்.

உண்மை நிலை வேறு. உலகில் ஏறத்தாழ 32 கோடிப் பேர் பிரெஞ்சு பேசுவதாகப் பிராங்கோபோனி சர்வதேச அமைப்பு 2022இல் மதிப்பிட்டது. அன்றாடம் அதைப் பேசுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்கர்கள். செனகல், மாலி, நைஜர், அல்ஜீரியா, துனீசியா, மொராக்கோ என அவர்களின் நாடுகளில் பல, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள்.

இந்த மொழி அங்கே அன்பளிப்பாகப் போய்ச் சேரவில்லை. அல்ஜீரியாவை 1830 முதல் 1962 வரை, 132 ஆண்டுகள் பிரான்ஸ் ஆண்டது. கல்வியிலும் நிர்வாகத்திலும் அரபி ஓரங்கட்டப்பட்டது. விடுதலைக்குப் பின், அல்ஜீரிய எழுத்தாளர் காதிப் யாசின் பிரெஞ்சைப் போரில் கிடைத்த செல்வம் என்றார். நம் வழக்கில் சொன்னால் 'கனீமத்'. ஆண்டவர்களின் மொழியிலேயே அவர்களுக்குப் பதில் சொல்லலாம் என்பது அவர் கருத்து.

எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. பிராங்கோபோனி அமைப்பின் முன்னோடி அமைப்பு 1970இல் உருவானது நைஜரின் தலைநகர் நியாமியில்தான். அதே நைஜர், மாலி, புர்கினா ஃபாசோவுடன் சேர்ந்து 2025இல் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

இலக்கியத்துக்கு வருவோம். செனகல் எழுத்தாளர் மரியாமா பா 1979இல் வெளியிட்ட நாவலின் பெயர் 'இத்தனை நீண்ட கடிதம்' என்று பொருள்படும். கணவரை இழந்த ரமதுலாய், இத்தாவில் இருந்தபடி தன் தோழிக்கு எழுதும் கடிதமே கதை. மகளின் தோழியையே கணவர் இரண்டாம் தாரமாக மணந்த வேதனையை அவள் அதில் கொட்டுகிறாள். இத்தா என்றால் என்னவென்று பிற மாணவர்களுக்கு ஆசிரியர் விளக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்பிள்ளைக்கு அது தேவையில்லை. அல்ஜீரியாவின் அசியா ஜபார் 2005இல் பிரெஞ்சு அகாதமிக்கே தேர்வு பெற்றார்.

ஆகவே, பிரெஞ்சு எடுக்கும் பிள்ளையிடம் மதிப்பெண்ணோடு இதையும் பேசுவோம். பள்ளிக்கு வெளியே டெல்ஃப் தேர்வுகளையும் எழுதச் சொல்வோம். பிரெஞ்சு வழியில் பட்டம் படிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக பி2 நிலையைக் கேட்கின்றன. செனகல் நாட்டவர் ஒருவரைச் சந்தித்தால் ஸலாம் சொல்லிவிட்டு நின்றுவிடாமல், பேச்சைத் தொடரவும் அந்த மொழி உதவும்.